டெய்லர் ஸ்விஃப்ட் பாடின பாட்டையே ஏன் திரும்ப பாடினாங்க? மாஸ்டர் சண்டையோட உள்கதை

2025 மே 30-ந்தேதி டெய்லர் ஸ்விஃப்ட் தன்னோட வெப்சைட்ல ஒரு லெட்டர் போட்டாங்க, முதல் ஆறு ஆல்பத்தோட மாஸ்டரும், அதாவது ஒரிஜினல் ரெக்கார்டிங்கோட உரிமையும், இப்ப என் கைக்கு வந்துடுச்சுன்னு. உடனே எல்லாரும் கேட்ட கேள்வி, அப்ப இத்தன வருஷமா "டெய்லர்ஸ் வெர்ஷன்"னு திரும்ப பாடி ரிலீஸ் பண்ணதெல்லாம் எதுக்கு, முதல்லயே வாங்கியிருக்கலாமே? இன்னொரு குரூப், அவங்க பாடின பாட்டு அவங்களுக்கே சொந்தம் இல்லன்னா அது எப்படி, அதையும் மீறி திரும்ப பாடினா கேஸ் வராதான்னு கேக்குறாங்க. ரெண்டுமே நியாயமான கேள்விதான், ஆனா பதில் புரியணும்னா கொஞ்சம் அடியில இருந்து வரணும்.

## ஒரு பாட்டு, ரெண்டு சொத்து

அமெரிக்க காபிரைட் சட்டத்துல நாம காதுல கேக்குற ஒரு பாட்டுக்குள்ள ரெண்டு தனித்தனி உரிமை இருக்கு.

1. எழுதின பாட்டு. அதாவது வரிகளும் மெட்டும். இது எழுதினவங்களுக்கும் அவங்க கையெழுத்து போட்ட பப்ளிஷருக்கும் சொந்தம். இந்தப் பக்கத்த பொதுவா பப்ளிஷிங்னு சொல்லுவாங்க.

2. ரெக்கார்ட் பண்ண சத்தம். ஒரு குறிப்பிட்ட நாள்ல ஸ்டுடியோல பாடி, வாசிச்சு, மிக்ஸ் பண்ணி முடிச்ச அந்த ஒரிஜினல் பதிவு. இதுக்குப் பேருதான் மாஸ்டர். ரெக்கார்டிங் செலவ போட்டு ஆல்பத்த வெளியிடுற கம்பெனி, அதாவது லேபிள்தான் பெரும்பாலும் இதுக்கு ஓனர்.

வீட்டோட பிளான் ஒருத்தர் கையில, கட்டின வீடு இன்னொருத்தர் பேர்லன்னு வச்சுக்கோங்க. பிளான் வச்சிருக்கவர் அதே மாதிரி இன்னொரு வீடு கட்டிக்கலாம், ஆனா முதல்ல கட்டின வீட்டுக்குள்ள போய் உக்கார முடியாது.

இண்டஸ்ட்ரி சிஸ்டத்துலயும் இந்தப் பிரிவ அப்படியே பாக்கலாம். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஐஎஸ்ஆர்சின்னு ஒரு கோடு, எழுதின பாட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசின்னு வேற ஒரு கோடு. "லவ் ஸ்டோரி"யோட 2008 பதிவுக்கும் 2021 பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி வேற வேற, ஆனா அடியில இருக்குற பாட்டு ஒண்ணுதான். ஸ்ட்ரீமிங்ல நீங்க ஒரு பாட்ட அமுக்கினா வர்ற காசுல பெரும்பங்கு ரெக்கார்டிங் பக்கம் போகும், எழுதினவங்களுக்கு வர்றது அத விட ரொம்ப சின்ன பங்கு. மாஸ்டருக்கு இவ்ளோ சண்ட நடக்குறதே இதனாலதான்.

## 2005-ல போட்ட கையெழுத்து

பல பேர் கவனிக்காம விடுற விஷயம், டெய்லர் பாடகியா லேபிள்ல சேர்றதுக்கு முன்னாடியே பாட்டெழுதுறவங்களா வேலைக்கு சேர்ந்துட்டாங்க. 14 வயசுல சோனி ஏடிவி பப்ளிஷிங் கம்பெனில எழுத்தாளரா ஒப்பந்தம், ஸ்கூல் முடிச்சுட்டு போய் நாஷ்வில்ல பெரிய ஆளுங்களோட உக்காந்து பாட்டெழுதுவாங்க, அதுல ஒருத்தர்தான் லிஸ் ரோஸ். ஆர்சிஏ லேபிள்ல கிடைச்ச ஒரு டெவலப்மெண்ட் டீலையும் வேண்டாம்னு விட்டுட்டு வந்தாங்க. அப்புறம் 2005-ல, ஸ்காட் போர்செட்டா புதுசா ஆரம்பிச்ச பிக் மெஷின் லேபிள்ல கையெழுத்து, வயசு 15. அப்பா ஸ்காட் ஸ்விஃப்ட் அந்த கம்பெனில ஒரு சின்ன பங்குதாரர் வேற.

ஒப்பந்தத்தோட சாரம் இதுதான்: ஆறு ஆல்பம், மாஸ்டர் லேபிளுக்கு. 2006-ல வந்த முதல் ஆல்பத்துல ஆரம்பிச்சு 2017 நவம்பர்ல வந்த "ரெப்யூட்டேஷன்" வரைக்கும் அந்த ஆறு. இது ஏதோ மோசடி ஒப்பந்தம்னு நெனைக்க வேண்டாம், புது ஆளுக்கு லேபிள் குடுக்குற வழக்கமான ஒப்பந்தம்தான், யாரும் பேர் தெரியாத 15 வயசு பொண்ணு மேல காசு போட்டு ரிஸ்க் எடுக்குறவன் மாஸ்டர கேக்கத்தான் செய்வான். ஆனா அவங்க கையில மிச்சம் இருந்தது என்னன்னு பாருங்க. ஆறு ஆல்பத்துலயும் தன்னோட ஒரிஜினல் பாட்டு எல்லாத்துலயும் அவங்க பேர் எழுத்தாளர் லிஸ்ட்ல இருக்கு, 2010-ல வந்த "ஸ்பீக் நவ்" ஸ்டாண்டர்ட் ஆல்பம் முழுக்க முழுக்க தனியா எழுதினது. இந்த ஒரு விஷயம் இல்லன்னா பின்னாடி நடந்த கத பாதி நடந்தே இருக்காது.

## 2018, 2019: யார் எத யாருக்கு வித்தாங்க

2018 நவம்பர்ல ஒப்பந்தம் முடிஞ்சுது. யூனிவர்சலோட ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸுக்கு மாறினாங்க, இந்தத் தடவ "இனிமே வர்ற மாஸ்டர் எனக்கு"ங்கிற கண்டிஷனோட. கூடவே இன்னொரு கண்டிஷனும் வச்சாங்க, யூனிவர்சல் தன்கிட்ட இருக்குற ஸ்பாட்டிஃபை பங்குகள வித்தா அந்தக் காச ஆர்ட்டிஸ்டுங்களுக்கு பழைய அட்வான்ஸ் பாக்கில கழிக்காம குடுக்கணும்னு. அடுத்தவங்களுக்கும் சேத்து கேட்டு வாங்கின கண்டிஷன் இது, இத பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல.

2019 ஜூன் 30. பாடகருங்களுக்கு மேனேஜரா இருந்த ஸ்கூட்டர் ப்ரானோட இதாகா ஹோல்டிங்ஸ் பிக் மெஷின் கம்பெனியையே வாங்கிடுச்சு, சுமார் 300 மில்லியன் டாலர்னு செய்தி. லேபிளோட ஆறு மாஸ்டரும் போச்சு. அன்னிக்கே டெய்லர் டம்ப்ளர்ங்கிற (Tumblr) பிளாக் சைட்ல எழுதினாங்க: செய்தி வெளிய வந்தப்பதான் எனக்கே தெரியும், ஒரு புது ஆல்பம் குடுத்தா ஒரு பழைய ஆல்பம் திரும்ப தர்றோம்னுதான் லேபிள் எனக்கு முன்னாடி சொல்லிச்சுன்னு. போர்செட்டா தன் பக்கம் வேற விதமா சொன்னாரு, முன்கூட்டியே மெசேஜ் அனுப்பினேன், நல்ல ஆஃபர்தான் குடுத்தேன்னு. யார் சொல்றது சரின்னு இங்க தீர்ப்பு சொல்லத் தேவையில்ல, கணக்கு ஒண்ணுதான்: கம்பெனி கை மாறினா மாஸ்டரும் கூடவே கை மாறும், பாடினவங்க சம்மதம் அதுக்கு வேண்டியதில்ல.

அடுத்த வருஷம் நவம்பர்ல ப்ரான் தரப்பு அந்த மாஸ்டர்கள ஷாம்ராக் கேபிடல்ங்கிற முதலீட்டு நிறுவனத்துக்கு வித்துடுச்சு, 300 மில்லியனுக்கு மேலன்னு பத்திரிகைங்க எழுதிச்சு. இந்த வித்ததுக்கு அப்புறமும் ப்ரானுக்கு வருமானத்துல பங்கு போகும்னு தெரிஞ்சதும் டெய்லர் ஷாம்ராக்கோட சேர மாட்டேன்னுட்டாங்க.

## திரும்ப பாட யார் பர்மிஷன் குடுத்தா?

இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. சட்டத்த படிப்படியா பாத்தா பெரிய ரகசியம் எதுவும் இல்ல.

1. அமெரிக்க சட்டத்துல 114-வது பிரிவு, ரெக்கார்டிங் காபிரைட் அந்த ஒரிஜினல் சத்தத்த அப்படியே காப்பி அடிக்கிறத மட்டும்தான் தடுக்கும்னு சொல்லுது. அதே மாதிரி ஒலிக்கிற இன்னொரு பதிவ புதுசா வாசிச்சு பண்ணா, அச்சு அசலா இருந்தாலும், அது மீறல் இல்ல.

2. 115-வது பிரிவு, ஒரு பாட்டு ஒரு தடவ வெளிய வந்துடுச்சுன்னா யார் வேணாலும் எழுதினவங்களுக்கு ராயல்டி கட்டிட்டு அத ஆடியோவா ரெக்கார்ட் பண்ணலாம்னு சொல்லுது. கவர் வெர்ஷன் எல்லாம் இப்படித்தான் வருது. இந்த ராயல்டி ரேட் கூட அரசாங்கமே நிர்ணயிக்கிறதுதான், பல வருஷம் ஒரு காப்பிக்கு 9.1 சென்ட், 2023-ல 12 சென்ட் ஆச்சு.

3. அப்ப தடுத்தது எது? ஒப்பந்தம்தான். ரெக்கார்டிங் ஒப்பந்தத்துல ரீ-ரெக்கார்டிங் தடைன்னு ஒரு வரி இருக்கும், பொதுவா ரிலீஸ் ஆகி அஞ்சு வருஷமோ ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு வருஷமோ, எது பின்னாடி வருதோ அதுவரைக்கும் அதே பாட்ட வேற யாருக்கும் பாடி ரெக்கார்ட் பண்ணக் கூடாதுன்னு.

டெய்லர் 2019 ஆகஸ்ட்ல டிவில, 2020 நவம்பர்ல இருந்து முதல் அஞ்சு ஆல்பத்த திரும்ப ரெக்கார்ட் பண்ணலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு, பண்ணப் போறேன்னு சொன்னாங்க. 2018 நவம்பரோட ரெண்டு வருஷத்த கூட்டிப் பாருங்க, கணக்கு சரியா வரும். "ரெப்யூட்டேஷன்" 2017-ல வந்ததால அது மட்டும் தள்ளிப் போகும்.

இந்தத் தடையோட கடுமை 2019 அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் சமயத்துல வெளிய தெரிஞ்சுது. பழைய பாட்டுங்கள டிவில பாடக் கூடாதுங்கிறாங்க, அது தடைக்காலத்துக்குள்ள ரீ-ரெக்கார்டிங் ஆயிடுமாம்னு டெய்லர் புகார் சொன்னாங்க, லேபிள் நாங்க அப்படி தடுக்கலன்னு மறுத்துச்சு, கடைசில ஒரு வழியா பாடினாங்க. மேடைக்கு வந்தப்ப போட்டிருந்தது ஒரு தொளதொள வெள்ளச் சட்டை, அதுல ஜெயில் கைதி சட்டை மாதிரி கருப்பு எழுத்துல அந்த ஆறு ஆல்பத்தோட பேரும் அச்சடிச்சிருந்துச்சு. லைவா பாடறது வேற, அத பதிவு பண்ணி அப்புறம் நெட்ல விடறது வேற, ரெண்டாவதுதான் வக்கீலுங்க பிரச்சனை.

இன்னொரு துணுக்கு: திரும்ப ரெக்கார்ட் பண்ணுங்க, புது அட்டைப்படம் போடுங்க, ஃபேன்ஸுக்கு எக்ஸ்ட்ரா ஏதாவது குடுங்கன்னு 2019 ஜூலைலயே வெளிப்படையா ட்வீட் போட்டது பாடகி கெல்லி கிளார்க்சன். ஒவ்வொரு டெய்லர்ஸ் வெர்ஷன் வந்ததும் டெய்லர் தனக்கு பூ அனுப்பி வைப்பாங்கன்னு கெல்லியே பின்னாடி பேட்டில சொன்னாங்க.

## ஸ்டுடியோல என்ன பண்ணாங்க

"ஃபியர்லெஸ்" ஒரிஜினல் வந்தப்ப வயசு 18, திரும்ப வந்தப்ப 31. குரல் கனமாயிடுச்சு, மூச்சுக் கட்டுப்பாடு வந்துடுச்சு, அந்த கன்ட்ரி மியூசிக் இழுவ கொறஞ்சிடுச்சு. அப்ப இத எப்படி ஒட்ட வைக்கிறது?

ஒரிஜினல்ல நேத்தன் சாப்மேன் கூட சேர்ந்து ப்ரொட்யூஸ் பண்ணியிருந்தாங்க, புதுசுல கிறிஸ்டோஃபர் ரோவ். வாசிச்சது பல வருஷமா டூர்ல கூடவே இருந்த பேண்ட் ஆளுங்க, ஏமஸ் ஹெல்லர், பால் சிடோட்டி, மைக் மெடோஸ், மேட் பில்லிங்ஸ்லி. இது நல்ல முடிவுன்னு தோணுது, ஏன்னா இந்தப் பாட்டுங்கள மேடைல திரும்பத் திரும்ப வாசிச்ச கைங்க அது. பழைய ரெக்கார்டிங்க வரி வரியா போட்டுக் கேட்டு, எங்க குரல் உடையுது, எங்க ஏத்தம், எங்க இறக்கம்னு பாத்துட்டு பாடினாங்க. "ஹே ஸ்டீஃபன்" பாட்டுல நடுவுல ஒரு சின்ன சிரிப்பு வரும், 2021-ல ஃபேன்ஸ் முதல்ல போய் செக் பண்ணது அந்தச் சிரிப்பு இருக்கான்னுதான், இருந்துச்சு.

எல்லாமே அச்சு அசல் இல்ல. "கேர்ள் அட் ஹோம்" பாட்ட முழுசா எலக்ட்ரோ பாப்பா மாத்திட்டாங்க, "பெட்டர் தேன் ரிவெஞ்ச்"ல இன்னொரு பொண்ண கேவலப்படுத்துற மாதிரி இருந்த ஒரு வரிய மாத்திட்டாங்க. "1989" ஆல்பத்துல ஒரிஜினல் ப்ரொட்யூசர் மேக்ஸ் மார்ட்டின் திரும்ப வரல, அவர் பண்ண பாட்டுங்கள பெரும்பாலும் ரோவ்தான் கூட உக்காந்து கட்டினாரு, என் காதுக்கு "ஸ்டைல்" பாட்டோட கிட்டார்ல பழைய கூர்மை இல்ல, மத்ததெல்லாம் ஓகே. "க்ளீன்"க்கு ஒரிஜினல்ல கூட பண்ண இமோஜன் ஹீப் திரும்ப வந்து பண்ணிக் குடுத்தாங்க.

அப்புறம் வால்ட் பாட்டுங்க. அந்தந்த காலத்துல எழுதி ஆல்பத்துல சேக்காம விட்டத தூசி தட்டி எடுத்து சேத்தாங்க, "ரெட்" புதுசு 30 பாட்டு, "ஃபியர்லெஸ்" 26. இதுல உச்சம் "ஆல் டூ வெல்". டூர் ரிகர்சல்ல சும்மா வாய்க்கு வந்தத பாடிட்டே போக ஆரம்பிச்ச பாட்டு, ரொம்ப நீளமா போனதால லிஸ் ரோஸ கூப்பிட்டு உக்காந்து வெட்டி அஞ்சரை நிமிஷமா ஆக்கினாங்க. நீளமான வெர்ஷன் ஒண்ணு இருக்குன்னு ஃபேன்ஸுக்குள்ள வருஷக்கணக்கா பேச்சு. 2021 நவம்பர்ல 10 நிமிஷ வெர்ஷன் வந்து பில்போர்ட் ஹாட் 100-ல முதலிடம், 1972-ல எட்டரை நிமிஷ "அமெரிக்கன் பை" வச்சிருந்த ரெக்கார்ட் போச்சு. பழைய மாஸ்டர் வச்சிருந்தவங்ககிட்ட இந்தப் பாட்டு கிடையவே கிடையாது, வியாபார ரீதியா பாத்தா வால்ட்டோட வேலையே அதான்.

## பழைய மாஸ்டர் எப்படி முடங்கிச்சு

திரும்ப பாடறது பாதி வேலைதான். கேக்குறவங்களும் காசு குடுக்குறவங்களும் பழசுலயே இருந்தா பிரயோஜனம் இல்ல. மூணு பக்கத்துல இருந்து வேல நடந்துச்சு.

1. சிங்க் லைசென்ஸ். சினிமா, சீரியல், விளம்பரத்துல ஒரு பாட்ட போடணும்னா மாஸ்டர் ஓனர்கிட்டயும் வாங்கணும், பாட்டு எழுதினவங்க தரப்புலயும் வாங்கணும், ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் போட முடியாது. கவர் வெர்ஷனுக்கு இருக்குற மாதிரி கட்டாய லைசென்ஸ் இதுக்குக் கிடையாது. ஆக எழுத்தாளரா டெய்லர் "இல்ல"ன்னு சொன்னா 300 மில்லியன் குடுத்து வாங்கினவரும் ஒரு கார் விளம்பரத்துக்கு கூட அத விக்க முடியாது. அவங்க எழுதுற பாடகியா இருந்ததோட முழு பலமும் இங்கதான்.

இதுல ஒரு குறும்பு இருக்கு. ரீ-ரெக்கார்ட் தடை முடியுறதுக்கு முன்னாடி, 2020 மே மாசம் "கில்லிங் ஈவ்" சீரியல்ல "லுக் வாட் யூ மேட் மீ டூ" பாட்டோட ஒரு கவர் வந்துச்சு, பாடினது ஜாக் லெப்பர்ட்ஸ் அண்ட் த டால்ஃபின் க்ளப்னு யாரும் கேள்விப்படாத ஒரு பேண்ட். ப்ரொட்யூசர் பேர்ல டெய்லரோட வழக்கமா வேல பாக்குற ஜாக் ஆண்டனாஃப், கூட நில்ஸ் ஷோபெர்க். இந்த நில்ஸ் ஷோபெர்க் வேற யாரும் இல்ல, கால்வின் ஹாரிஸ் - ரிஹானா பாட்டுக்கு டெய்லர் ஒளிஞ்சு எழுதினப்ப வச்சுக்கிட்ட புனைப்பேர். பழைய மாஸ்டர தொடாமலே பாட்டு டிவில வந்துடுச்சு.

2. ரேடியோ. 2021 நவம்பர்ல அமெரிக்காவோட பெரிய ரேடியோ கம்பெனி ஐஹார்ட் ரேடியோ, டெய்லர்ஸ் வெர்ஷன் வர வர பழசுக்கு பதிலா அதத்தான் போடுவோம்னு அறிவிச்சுது.

3. நெட். 2021 செப்டம்பர்ல டிக்டாக்ல "வைல்டெஸ்ட் ட்ரீம்ஸ்" திடீர்னு ட்ரெண்ட் ஆக, பழைய பதிவுக்கு ஸ்ட்ரீம் ஏற ஆரம்பிச்சுது. ஆல்பம் அறிவிப்பே வரல, ஆனா அந்த ஒரு பாட்டோட புது வெர்ஷன மட்டும் டக்குனு இறக்கிட்டாங்க, ட்ரெண்ட் பண்றீங்கன்னா இத வச்சு பண்ணுங்கன்னு.

ரிசல்ட்டு? "1989" ஒரிஜினல் 2014-ல முதல் வாரம் அமெரிக்கால சுமார் 12.9 லட்சம் காப்பி வித்துச்சு. 2023 அக்டோபர்ல வந்த புது வெர்ஷன் முதல் வாரம் 16.5 லட்சம் யூனிட். யூனிட் கணக்குல ஸ்ட்ரீமிங்கும் சேரும், அதனால நேருக்கு நேர் ஒப்பீடு இல்லதான், ஆனாலும் ஒன்பது வருஷப் பழைய பாட்டுங்க தன்னோட ஒரிஜினலையே தாண்டுறது சாதாரண விஷயம் இல்ல.

இவங்கதான் முதல் ஆளான்னா இல்ல. ஃப்ராங்க் சினாட்ரா சொந்த லேபிள் ஆரம்பிச்சு 1963-ல தன்னோட பழைய லேபிள் கேபிடல் ரெக்கார்ட்ஸ் காலத்து ஹிட்டுங்கள திரும்ப பாடினாரு, ப்ரின்ஸ் வார்னர் ப்ரதர்ஸோட சண்ட போட்டு கன்னத்துல "ஸ்லேவ்"னு எழுதிட்டு திரிஞ்சவர், 1999-ல அந்த வருஷத்து பேர்ல இருந்த பாட்ட புது மாஸ்டரா விட்டாரு, டெஃப் லெப்பர்ட் பேண்ட் 2012-ல பண்ணாங்க. யாருமே முழு ஆல்பமா, வரிசையா, அட்டைப்படம் வரைக்கும் மாத்தி பண்ணல. அவங்க காலத்துல பழச தள்ளி புதுச தேடிப் போய் கேக்குற இவ்ளோ பெரிய ஃபேன் கூட்டமும் இல்ல.

## அப்ப 2025-ல ஏன் காசு குடுத்து வாங்கினாங்க?

திரும்ப பாடினாலும் பழைய மாஸ்டர் அழியாது. அது இன்னொருத்தர் பேர்ல இருந்துட்டேதான் இருக்கும், யாராவது கேட்டுட்டேதான் இருப்பாங்க. அதுவும் போக மாஸ்டரோட சேந்து மியூசிக் வீடியோ, கான்செர்ட் படம், அட்டைப்படம், வெளிவராத பாட்டுன்னு பல விஷயம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, இத எதையும் திரும்ப பாடி உண்டாக்க முடியாது.

ஷாம்ராக்குக்கு குடுத்த தொகைய அவங்க சொல்லல, சுமார் 360 மில்லியன்னு அமெரிக்க பத்திரிகைங்க எழுதிச்சு. காசு எங்க இருந்துன்னா, ரீ-ரெக்கார்டிங்குக்கு கிடைச்ச ஆதரவும் ஈராஸ் டூரும்தான் இத வாங்க வச்சுதுன்னு லெட்டர்லயே சொல்லிட்டாங்க. 149 ஷோ, டிக்கெட் வசூல் மட்டும் 2 பில்லியன் டாலருக்கு மேல. மேடைல பாட மாஸ்டர் தேவையில்லைங்கிறதையும் கவனிங்க, அங்க எழுதின பாட்டுக்குத்தான் ராயல்டி, டூர் படத்துக்கும் பழைய ரெக்கார்டிங் வேண்டாம். அந்தப் படத்தையும் ஸ்டுடியோவ எல்லாம் தாண்டி நேரா ஏஎம்சி தியேட்டர் கம்பெனியோட டீல் போட்டு ரிலீஸ் பண்ணாங்க.

இன்னொரு சட்ட வழியும் இருந்துச்சு. 203-வது பிரிவுப்படி உரிமைய குடுத்து 35 வருஷம் ஆனா திரும்பக் கேக்கலாம். ஆனா முதல் ஆல்பத்துக்கே அது 2040-கள்லதான் வரும், அப்பவும் இது கூலிக்கு பண்ண வேல, திரும்பத் தர முடியாதுன்னு லேபிளுங்க வாதாடும்.

"ரெப்யூட்டேஷன்" திரும்ப கால் பாகம் கூட ரெக்கார்ட் பண்ணல, முதல் ஆல்பம் முழுசா பண்ணி வச்சாச்சுன்னு அதே லெட்டர்ல சொன்னாங்க. இனி அவசரம் இல்ல.

அவசரம் வேற இடத்துல. பெரிய லேபிளுங்க புது ஒப்பந்தத்துல ரீ-ரெக்கார்ட் தடைய 10, 15, ஏன் 30 வருஷம் வரைக்கும் நீட்டப் பாக்குறாங்கன்னு 2023-ல பில்போர்ட் எழுதிச்சு. இன்னிக்கு 15 வயசுல கையெழுத்து போடுற ஒரு பாடகிக்கு 30 வருஷத் தடைன்னா, ஒப்பந்தம் முடிஞ்சதுல இருந்து எண்ணினா திரும்ப பாடும்போது வயசு அம்பது ஆயிருக்கும்.

இப்ப எந்த வெர்ஷன் கேக்கணும்ங்கிறதுக்கு, டெய்லருக்கு எது கேட்டாலும் ஒண்ணுதான், ரெண்டு ரெக்கார்டிங்கும் அவங்களோடது. கூட எழுதின லிஸ் ரோஸ் மாதிரி ஆளுங்களுக்கும் ரெண்டுலயும் எழுத்தாளர் பங்கு வரும். வித்தியாசம் ப்ரொட்யூசருங்களுக்குத்தான், ஏன்னா அவங்க பங்கு வழக்கமா தான் பண்ண ரெக்கார்டிங்குக்கு மட்டும்தான், பழசு ஓடினா பழைய ஆளுக்கு, புதுசு ஓடினா புது ஆளுக்கு.